சேரியும் பழைய தெருதான்

(தேவதானத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பழமையான நகரப் பகுதியில் வாழ்வது பற்றிப் பேசச் சொன்னீங்க. எனக்குச் சொந்த ஊர் இந்தத் தேவதானம். பிழைக்கப் போய் முப்பது வருசத்துக்கு மேலாக மெட்ராஸ் புளியந்தோப்பில் இருக்கேன். இந்த ரெண்டு இடத்தையும் சேர்த்து வச்சுத்தான் என்னால பேச முடியும்.

பழமையான பகுதின்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? ஸ்ரீவில்லிபுத்தூர்னா ரத வீதி, அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம். மெட்ராஸ்னா மயிலாப்பூர் மாட வீதி, கோட்டை, ஜார்ஜ் டவுன். ஆகஸ்ட் 22 வந்தா சென்னை தினம். 1639-ல் கம்பெனிக்காரனுக்கு இடம் கிடைச்ச நாளை 2004-லிருந்து கொண்டாடுறாங்க. கண்காட்சி, பாரம்பரிய நடை எல்லாம் நடக்குது. நடக்கட்டும். ஆனா அந்த நடை எங்க தெருவுக்குள்ள வந்து நான் பார்த்ததில்லை. அவங்க தெரு பழசா இருந்தா பாரம்பரியம். நம்ம தெரு பழசா இருந்தா ஆக்கிரமிப்பு. இது எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்குவோம். தேவதானம் என்றால் தெய்வத்துக்குத் தானமாகக் கொடுத்த நிலம். பிராமணர்களுக்குக் கொடுத்தது பிரமதேயம். நம்ம ஊரில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் இருக்கு. இந்த வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம் என்பார்கள். தானம் கொடுத்தவன் பெயரும் வாங்கின சாமி பெயரும் நிக்குது. அந்த மாதிரி நிலங்களை உழுதவன் எங்க குடியிருந்தான்?

அதுக்கும் கல்வெட்டில் பதில் இருக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று பட்டியல் வருது. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு. அதோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி. அந்தக் கோயிலுக்கு ஆயிரம் வருசம் ஆச்சுன்னு 2010-ல் பெரிய விழா எடுத்தாங்க. அதே கல்லில் பதிவான சேரிக்கும் அன்னைக்கு ஆயிரம் வருசம் ஆகியிருந்தது. அதுக்கு யாரும் விழா எடுக்கலை.

இன்னொன்றையும் கவனிக்கணும். சேரி என்ற சொல் அப்போ இழிசொல் கிடையாது. பிரமதேயமான உத்திரமேரூரின் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அந்த ஊரில் பன்னிரண்டு சேரிகள் இருந்ததைச் சொல்லுது. சேரின்னா குடியிருப்பு, அவ்வளவுதான். காலப்போக்கில் மத்தவங்க சேரி எல்லாம் தெருவாகவும் அக்கிரகாரமாகவும் நகராகவும் பெயர் மாறிப் போச்சு. நம்முடையது மட்டும் சேரியாகவே நின்னது. வரி இல்லை என்றால் சலுகை என்று நினைக்காதீங்க. வரி கட்டினவன் பேரில்தான் பிற்காலத்தில் உரிமை பதிவாச்சு. வரிக்கணக்கில் பேர் இல்லாதவனுக்குப் பட்டா எங்கிருந்து வரும்?

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் சேரி நத்தமும் தன்னுடையதுதான் என்று மிராசுதார் உரிமை கொண்டாடினான். கூலி கேட்டா குடிசையைக் காலி பண்ணு என்பான். 1891-ல் கலெக்டர் திரமென்கீர் எழுதின அறிக்கை இதைப் போட்டு உடைத்தது. அதைத் தொடர்ந்துதான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் என்ன ஆச்சு, 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் அதைக் கேட்டுப் போராடினவங்க மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

கிராமம் இப்படின்னா, பட்டணம் என்ன செஞ்சது? கம்பெனி ஆவணங்களில் மெட்ராசில் 'பெரிய பறைச்சேரி' என்று ஒரு பகுதியே வருது. கோட்டைக்கு வேலையாள் வேணும், துறைமுகத்துக்கு வேணும், வெள்ளைக்காரன் வீட்டுச் சமையலுக்கு வேணும். அவங்கள்ல நம்ம ஆட்கள் ஏராளம். கறுப்பர் பட்டணத்துக்கு ராஜா பேரை வச்சு ஜார்ஜ் டவுன் ஆக்கினாங்க. பறைச்சேரி எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லாமல் போச்சு.

எங்க புளியந்தோப்புக்கு வாங்க. பக்கத்திலேயே பின்னி ஆலை. பக்கிங்காம் ஆலை 1876-ல் தொடங்கினது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதை எல்லாரும் பெருமையாகச் சொல்வோம், சொல்லணும். ஆனால் 1921 வேலைநிறுத்தம் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்து போகும். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் அதில் சேரவில்லை. எம்.சி. ராஜா அவங்க பக்கம் நின்றார். அன்னன்னைக்குக் கூலியில் அடுப்பு எரிகிறவன், தன்னைத் தொடாதவனை நம்பி எத்தனை மாசம் பட்டினி கிடப்பான் என்று யாரும் கேட்கலை. கருங்காலி என்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அரசு முகாம் போட்டது. அப்போதே இவர்களை நகரத்தை விட்டு வெளியேற்றணும் என்ற பேச்சு எழுந்தது. தோழர்களே, இந்தப் பேச்சு நூறு வருசத்துக்கு முன்னாடியே தொடங்கிடுச்சு. ஆலை 1996-ல் மூடியாச்சு. அந்த நிலத்தில் இப்போ பெரிய பெரிய அடுக்குமாடிகள். ஆலையில் உழைத்தவன் பேரப்பிள்ளை அதுக்குள்ளே போகணும்னா வாட்ச்மேனாகப் போகலாம், வீட்டு வேலைக்குப் போகலாம்.

1971-ல் ரெண்டு சட்டம் வந்தது. ஒண்ணு குடியிருப்பு உரிமைச் சட்டம். கிராமத்தில் அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்த மனையே சொந்தம் என்றது. நடைமுறையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது வேறு சண்டை. ஆனால் சட்டம் 'சொந்தம்' என்ற வார்த்தையைச் சொன்னது. இன்னொண்ணு குடிசைப் பகுதி மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம். இது நகரத்துக்காரனுக்கு. அதன் பெயரிலேயே அகற்றல் இருக்கு. கிராமத்தில் கூலியாக இருந்தவனுக்கு மனை. அவன் தம்பி பட்டணத்துக்குப் போனா அவனுக்கு ஒதுக்கீட்டு ஆணை. ஒதுக்கீடு வேற, சொந்தம் வேற.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கு. முறைப்படி அறிவிக்கப்பட்ட பகுதியில் இருப்பவரை, அதற்குரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது. 1971-ல் மெட்ராசில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-ல் இன்னும் 17. அதோட அறிவிப்பு நின்னு போச்சு. அறிவிக்காத பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2000-லிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைச் சனங்களை லாரியில் ஏற்றினார்கள். புளியந்தோப்பிலிருந்து பார்த்தா பெரும்பாக்கம் இருபது கிலோமீட்டருக்கும் மேலே. வேலை இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி இங்கே. வீடு மட்டும் அங்கே. ஆற்றை ஒட்டி நிற்கும் பெரிய கட்டடங்களுக்கு இந்த அவசரம் காட்டினார்களா?

இருந்த இடத்திலேயே கட்டிக் கொடுத்ததும் உண்டு. எங்க பக்கம் கே.பி. பார்க்கில் கட்டின அடுக்குமாடி, 2021 ஆகஸ்டில் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்தது. நாடே பார்த்தது. அடுத்த மாசம் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆச்சு. நமக்குப் பெயர் மாற்றுவது புதுசில்லையே.

சரி, என்ன செய்யலாம்? வெறும் பெருமை பேசுறதுக்காக நான் பழமையைச் சொல்லலை. நாங்க எத்தனை தலைமுறையா இங்க இருக்கோம் என்பதுதான் நம்ம சாட்சியம். அதைக் காகிதமாக்கணும். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆலைச் சம்பளச் சீட்டு, கல்லறைக் கல்லில் இருக்கிற வருசம், எல்லாத்தையும் நகல் எடுத்துத் தெரு வாரியாகச் சேர்க்கணும். கிழவிகள் சொல்வதை எழுதிக்கணும். எந்தக் கிணறு, எந்த எல்லை, எந்த வருசம் தீ பிடிச்சது என்று அவங்களுக்குத்தான் தெரியும். உயிரோட இருக்கும்போதே கேளுங்க.

இங்கே சேத்தூர், ராஜபாளையம் பக்கத்து மாணவர்கள் இருக்கீங்க. பள்ளர் தெரு, பறையர் தெரு, அருந்ததியர் தெரு என்று பார்க்காமல் எல்லாத் தெருவுக்கும் போங்க. வீடு இருக்கிற மனை நத்தமா, புறம்போக்கா, கோயில் நிலமா, பட்டா யார் பேரில் இருக்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்க. அருந்ததியர் தெருவைக் கடைசியாக வைக்காதீங்க. நம்ம இயக்கங்களிலும் அந்தப் பழக்கம் இருக்கு. அந்த நோட்டை எடுத்துக்கிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போவோம். தெருவின் வயசு என்ன என்று அவங்க கேட்கட்டும், நாம பதில் வச்சிருப்போம்.

ஜெய்பீம்.