எல்லாம் போனிலேயே இலவசம்; உதவித்தொகை இனி எதற்கு?

(கல்வி நிதிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறைந்த செலவில் படிக்கும் மாணவர்களுக்கு உதவும் இலவச ஏ.ஐ. கருவிகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. வங்கியில் முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பார்த்துவிட்டு, இப்போது நாக்பூரில் எங்கள் கிளையின் கல்வி உதவிக் கமிட்டியில் இருக்கிறேன். அந்தக் கமிட்டியில் நான் செய்த ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2025-ம் வருஷக் கடைசியில் பட்ஜெட் கூட்டம் நடந்தது. அந்த வருஷம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலையில் கூகுள் நிறுவனம் கல்லூரி மாணவர்களுக்கு ஜெமினியின் கட்டணச் சேவையை ஒரு வருஷம் இலவசம் என்றது. அதே மாதம் ஏர்டெல்காரர்களுக்கு பெர்ப்ளெக்ஸிட்டி இலவசம். அக்டோபர் கடைசியில் ஜியோவில் பதினெட்டு மாதம் ஜெமினி. நவம்பரில் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம். கல்யாண வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வந்து இலையில் பரிமாறுவது போல இருந்தது. "எல்லாம் போனிலேயே இலவசமாக வருகிறதே, டியூஷன் உதவி எதற்கு? அந்தப் பணத்தில் ஹாலுக்கு வெள்ளை அடிக்கலாம்" என்று ஒரு மெம்பர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. நானும் கை தூக்கினேன். டியூஷன் உதவி பாதியாகக் குறைந்தது.

ஹால் இப்போது பளிச்சென்று இருக்கிறது.

அந்த உதவியை நம்பியிருந்தவர்களில் ஒரு பெண். பெயர் வேண்டாம். அப்பா விசேஷங்களுக்குச் சமைக்கப் போகிறவர். ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் கிடையாது. வீட்டில் இரண்டு போன். ஒன்று அப்பாவோடு சமையலுக்குப் போய்விடும். பெண் சி.ஏ. இன்டர்மீடியட் படிக்கிறாள். அந்தத் தேர்வில் ஆறு பேப்பர். ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வாங்கினால்தான் தேறலாம். பணம் குறைந்ததும் வரி பேப்பருக்கான வகுப்பை நிறுத்திவிட்டாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்பதற்கு அவளுக்குக் கூச்சம், விசாரிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள்.

"மாமா, இந்தக் கணக்குல எனக்கு வரி பூஜ்யம் வரது. போன்ல கேட்டா 67,600ன்னு சொல்றது. எங்க தப்புப் பண்ணினேன்னு பார்த்துச் சொல்றேளா?"

நோட்டில் அவள் போட்ட விடை சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தது அவளேதான்.

கணக்கு இதுதான். ஒருவருக்கு 2025-26 நிதியாண்டில், கழிவுகள் போக மொத்த வருமானம் 11 லட்சம், எல்லாம் சம்பளம். புதிய முறையில் வரி எவ்வளவு? முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. மீதி 3 லட்சத்துக்கு 10 சதவீதம், 30,000. ஆக 50,000. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 60,000 வரை தள்ளுபடி உண்டு. எனவே வரி பூஜ்யம். பெண் போட்டதுதான் சரி.

அப்படியானால் 67,600 எங்கிருந்து வந்தது? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முந்தைய வருஷத்துப் படிநிலைகளில் போட்டால் 65,000 வருகிறது. அப்போது தள்ளுபடிக்கு எல்லை 7 லட்சம்தான். 4 சதவீதம் செஸ் சேர்த்தால் அச்சாக 67,600. கருவி கூட்டல் பெருக்கலில் தவறவில்லை. பழைய வருஷத்துக் கணக்கைப் புது வருஷத்துக்குச் சொல்லியிருக்கிறது, அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காமல். எந்தக் கருவி என்று சொல்லப்போவதில்லை. இந்தத் தவறு எல்லாவற்றுக்கும் வரக்கூடியது. இவை பெரும்பாலும் முன்பு எழுதப்பட்டவற்றைப் படித்துப் பழகியவை. பழைய விதியைப் பற்றி உலகில் நிறைய எழுதப்பட்டிருக்கும், புது விதியைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். வரிச் சட்டமோ வருஷா வருஷம் மாறுவது. 2025-ல் புது வருமான வரிச் சட்டமே நிறைவேறி, அமல் தேதி 2026 ஏப்ரல் 1 என்று ஆனது. 1961-ம் வருஷச் சட்டத்தில் மனப்பாடம் செய்த செக்ஷன் எண்களெல்லாம் இடம் மாறிவிட்டன.

கருவி தப்பாகச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. நானும் கவுண்ட்டரில் தப்புச் செய்தவன்தான். சரியாகப் போட்ட குழந்தை தன் விடையைத் தானே அடித்துக்கொண்டாளே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம். வகுப்பில் வாத்தியார் இருந்தால், "எப்படிப் போட்டாய், காட்டு" என்று கேட்டிருப்பார். அந்த வாத்தியாரை நிறுத்தியதில் என் கையும் ஒன்று.

அதன் பிறகுதான் நான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன், பெரும்பாலும் அந்தப் பெண்ணிடமிருந்தே. பெற்றோர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் புஸ்தகம், பிறகுதான் ஏ.ஐ. சி.ஏ. படிக்கிறவர்களுக்கு இன்ஸ்டிட்யூட்டே பாடநூல், திருப்புதல் வினாத்தாள், மாதிரித் தேர்வு, விடைகள் எல்லாவற்றையும் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. எந்தத் தேர்வுக்கு எந்த வருஷத்து நிதிச் சட்டம் என்பதையும் அதுவே அறிவிக்கிறது. அந்தப் பாடநூலை நோட்புக் எல்எம் என்கிற கூகுளின் இலவசக் கருவியில் ஏற்றிவிட்டால், நாம் கேட்பதற்கு அந்த நூலை வைத்தே பதில் சொல்லும். எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்று எண் போட்டுக் காட்டும். எண்ணைத் தொட்டால் மூலமே திறக்கும். அதிலும் தவறு வரலாம், ஆனால் சரிபார்க்க ஓர் இடம் இருக்கிறது. எங்கள் பெண் இப்போது வரிக்கு இதைத் தவிர வேறு எதிலும் கேட்பதில்லை.

என்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இருக்கிறது. பாடங்களைப் பார்க்கக் காசு இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஜே.இ.இ., நீட் எழுதுகிறவர்களுக்குக் கான்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் 'சாத்தீ' இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. புஸ்தகங்கள் எல்லாம் இணையத்தில் இலவசம். இவை தெரியாமலே ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற வீடுகள் நம்மிடையே உண்டு.

இரண்டாவது, விடையைக் கேட்கக் கூடாது. எங்கள் கிளைப் பையன் ஒருவன் ஐந்தாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் அறிக்கையை ஏ.ஐ.யிடமே எழுதி வாங்கினான். அறிக்கை பிரமாதம். வைவாவில் மூன்றாம் பக்கத்து வரைபடத்தை விளக்கச் சொன்னார்கள், பேச்சு வரவில்லை. அதே கருவிகளில், விடையை நேரே சொல்லாமல் கேள்வி கேட்டுக் கேட்டு நம்மையே போட வைக்கும் வழியும் உண்டு. சாட்ஜிபிடியில் 'ஸ்டடி மோட்', ஜெமினியில் 'கைடட் லேர்னிங்', இரண்டும் 2025-ல் வந்தவை. அதுகூட வேண்டாம். "நான் போட்டிருக்கிறேன், எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல், திருத்தாதே" என்று எழுதினாலே போதும்.

வெளியூரில் வளரும் நம் குழந்தைகளுக்கு ஒரு சௌகரியம். தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்க வராது. எங்கள் பெண் கேள்விகளைத் தமிழில்தான் கேட்கிறாள், ஆனால் ஆங்கில எழுத்தில். கருவிக்கு அது புரிகிறது. பதிலையும் அப்படியே தருகிறது. "இங்கிலீஷில் கேட்டால் மூன்று தடவை படிக்கணும் மாமா" என்றாள். கான்வென்டில் படித்த பிள்ளையோடு அவளுக்கு இருந்த தூரம் இந்த ஒரு விஷயத்தில் குறைந்திருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன்.

போன் டேட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடியோ பாடம் பார்த்தால் அன்றைய டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். எழுத்தில் கேட்டுப் பதில் படிக்க மிகக் கொஞ்சமே செலவாகும். வீடியோக்களைச் சங்கத்தின் ஹாலில் வைஃபையில் இறக்கிக்கொண்டு, வீட்டில் எழுத்திலேயே கேட்கச் சொல்லுங்கள்.

இனி பழைய வங்கிக்காரனாக ஒன்று. இலவசச் சலுகைகள் சிலவற்றில் சேரும்போதே கார்டோ யூ.பி.ஐ.யோ கேட்பார்கள். கெடு முடிந்ததும் மாதா மாதம் பணம் தானாகப் போக ஆரம்பிக்கும். சாட்ஜிபிடி கோவுக்கு 2025 ஆகஸ்டில் வைத்த விலை மாதம் 399 ரூபாய். உங்கள் யூ.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதி இருக்கும். குழந்தை எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், வேண்டாததை ரத்து செய்யுங்கள். ஆதார், மார்க் ஷீட், பாங்க் பாஸ்புக் படங்களை எந்தக் கருவியிலும் ஏற்ற வேண்டாம். இலவசமாகத் தருகிறவர்கள் நாம் எழுதுவதை வைத்துத் தங்கள் கருவியைப் பழக்குவதும் உண்டு. வேண்டாமென்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம்.

இனி வந்த காரியம். டியூஷன் உதவியைக் குறைக்கலாமா என்று இந்த வருஷம் மூன்று கிளைகளிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நாங்கள் குறைத்துப் பார்த்தவர்கள், அதனால் சொல்கிறேன், வேண்டாம். நாக்பூரில் அந்தத் தொகையைத் திரும்பப் போட்டுவிட்டோம். கூடவே, ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஒருவர் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஹாலில் உட்காருகிறார். பாடம் நடத்துவதில்லை. வாரம் முழுக்கப் பிள்ளைகள் ஏ.ஐ.யோடு போட்ட கணக்குகளைக் கொண்டு வருவார்கள், "எப்படிப் போட்டாய், காட்டு" என்று மட்டும் கேட்பார். முதல் வாரம் நாலு பேர். இப்போது பதினொரு பேர், அதில் மூவர் நம் சங்கத்துக் குடும்பமே அல்ல, பக்கத்துத் தெருப் பிள்ளைகள். உட்காரட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த அமர்வில் தேர்வு. போன சனிக்கிழமை ஒரு கணக்கில் அவளுக்கும் ஆடிட்டருக்கும் விடை வேறுபட்டது. இந்தத் தடவை அவள் தன் விடையை அடிக்கவில்லை. பாடநூலைத் திறந்து பக்கத்தைக் காட்டினாள். ஆடிட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, தன்னுடையதை அடித்தார்.

கிளைச் செயலாளர்கள் யாருக்காவது சனிக்கிழமை ஏற்பாட்டின் விவரம் வேண்டுமானால், சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் பக்கம் இருப்பேன்.