முத்திரை பெற்ற படைக்கலம்



ஒரு பொருளின்மேல் அதற்கு உடையவரின் பெயரை வெட்டிவிட்டால், அதன் விலை ஏறுமா, இறங்குமா? நம் வீட்டுப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தருகே பாட்டியாரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். தெருவில் வரும் பழைய பாத்திரக்காரர் அதைத் தராசில் இட்டு, எடைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அவருக்கு அந்த எழுத்துக்கள் வெறும் கீறல்கள். ஆனால் அந்தக் குடத்தில் பெயருடன் ஆண்டும், கோயிலுக்கு அளித்த செய்தியும் இருந்து, அது ஓர் ஆராய்ச்சியாளரின் கண்ணில் பட்டால், அவர் குடத்தைத் தராசில் வைக்கமாட்டார். எழுத்தைப் படியெடுக்கத் தொடங்குவார். ஒரே எழுத்து ஒருவருக்குக் குறை, மற்றொருவருக்கு நிறை.

பழைய சுழல் துப்பாக்கிகளை, அதாவது ரிவால்வர்களைச் சேகரிப்போர் உலகிலும் இதே வியப்பைக் காண்கிறோம். போலீஸ் இலாகாவின் முத்திரை பொறித்த ரிவால்வர் ஒரு கடையில் விலை குறைந்து நிற்கிறது. வேறோர் ஏலத்தில் அதே முத்திரையால் விலை பன்மடங்கு உயர்கிறது. இதன் காரணத்தை ஆராய்ந்தால், துப்பாக்கியைப் பற்றி மட்டுமன்றி, வரலாற்றுச் சான்று என்பது யாது என்பதைப் பற்றியும் சில உண்மைகள் விளங்கும்.

முத்திரை இடுவது நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றிய பண்டங்கள்மீதும் இறக்கிய பண்டங்கள்மீதும் சோழனுடைய புலிச் சின்னத்தைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்தப் புலி, பொருள் சுங்கத்தைக் கடந்தது என்பதற்குச் சாட்சி. பண்டத்தின் அழகை அது கூட்டவில்லை. பண்டம் வந்த வழியைச் சொன்னது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு ரிவால்வரின்மேல் பொதுவாக நான்கு வகைப் பொறிப்புகள் காணப்படும். முதலாவது, செய்தவரின் பெயர். இரண்டாவது, வரிசை எண். மூன்றாவது, சோதனை முத்திரை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோதனைக் கூடம் 1813ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அங்கே மிகுதியான மருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்காமல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். நான்காவதுதான் உடைமை முத்திரை. போலீஸ் இலாகா தன் பெயரின் முதலெழுத்துக்களையும் தன் கணக்குப்புத்தக எண்ணையும் பிடியின் பின்புறத்திலோ, பிடியின் அடியிலோ, சட்டத்தின் பக்கத்திலோ பொறித்து வைக்கும். எந்தக் காவலரிடம் எந்த ஆயுதம் இருக்கிறது, அது திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்ப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. பிற்காலத்தவர் போற்றிப் பாதுகாப்பார்கள் என்று எண்ணி எவரும் அதைப் பொறிக்கவில்லை.

இனி, இந்த முத்திரை விலையைக் குறைப்பது ஏன் என்று பார்ப்போம். அமெரிக்க நாட்டில் நகரந்தோறும் தனித்தனிப் போலீஸ் இலாகா உண்டு. புதிய ஆயுதம் வாங்கும்போது பழையவற்றை வணிகரிடம் மாற்றாகக் கொடுத்துவிடும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வாறு வந்த ரிவால்வர்கள் ஆயிரக்கணக்கில் கடைகளில் குவிந்தன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தொழிற்சாலை 1899இல் அறிமுகம் செய்து, 1957 முதல் பத்தாம் எண் மாதிரி என்று அழைத்துவரும் ரிவால்வர் இவற்றுள் மிகப் பரவலானது. நாள்தோறும் தோலுறையில் இட்டும் எடுத்தும், அதன் குழல் முனையில் நீல மெருகு தேய்ந்திருக்கும். மழையும் வியர்வையும் பிடியைக் கெடுத்திருக்கும். அதன்மேல் யாரோ ஒரு பண்டசாலை எழுத்தர் மின்சார எழுத்தாணியால் எண்ணைக் கிறுக்கியிருப்பார். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் மாசுமறுவின்றி இருக்கவேண்டும் என்று விரும்புகிறவருக்கு இவையெல்லாம் வடுக்கள். ஆகவே அவர் குறைந்த விலையே தருவார்.

முத்திரை விலையை உயர்த்துவது எப்போது? மூன்று நிலைமைகள் கூடும்போது. முத்திரை உண்மையானதாக இருக்கவேண்டும். அதைக் குத்திய இலாகா வரலாற்றில் இடம் பெற்றதாக இருக்கவேண்டும். ஏட்டுச் சான்று அதற்குத் துணை நிற்கவேண்டும். கனடா நாட்டின் வடமேற்குக் குதிரைப் போலீஸார் 1880களில் என்பீல்டு ரிவால்வர்களைப் பெற்றனர். அப்படையின் முதலெழுத்துக்களும் கனடா என்னும் பெயரும் பொறித்த என்பீல்டைச் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். சாங்காய் நகராட்சிப் போலீஸார் கோல்ட் கைத்துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். அவற்றின் பாதுகாப்புப் பூட்டு இயங்காதவாறு ஆணியிட்டு அடைத்திருந்தார்கள். சாதாரணமாக அது பழுது என்று தள்ளப்படும். ஆனால் அந்நகரத்து முத்திரையும் அந்த ஆணியும் சேர்ந்திருக்கும்போது, பழுதே பெருமையாகிறது. அந்தப் படைக்குப் பயிற்சியளித்த பேர்பேர்ன் என்பவரின் முறைக்கு அது கண்கூடான சான்று.

ஏட்டுச் சான்று என்றேன். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய தொழிற்சாலைகளின் பழைய அனுப்புகைப் பேரேடுகள் அழியாமல் இருக்கின்றன. வரிசை எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால், இந்த ரிவால்வர் இன்ன நாளில் இன்னாருக்கு அனுப்பப்பட்டது என்று ஏட்டைப் பார்த்து விடையெழுதுவார்கள். இரும்பில் உள்ள எழுத்தும் ஏட்டில் உள்ள எழுத்தும் ஒத்துப்போனால் ஐயம் தீரும். செப்பேட்டையும் கல்வெட்டையும் ஒப்பிட்டு நம் அறிஞர்கள் அரசர்களின் காலத்தைத் துணிவதும் இதே முறையில்தான்.

விலை ஏறும் இடத்தில் போலியும் புகும். அயர்லாந்துப் போலீஸ் படையின் பெயரால் வெப்ளி நிறுவனம் 1868இல் ஒரு ரிவால்வர் மாதிரியை வெளியிட்டது. அந்த மாதிரியில் ஆர்.ஐ.சி. என்று பொறித்திருக்கும். அதைக் கண்டவுடன் அயர்லாந்துக் காவலர் ஒருவர் இடுப்பில் தாங்கிய ஆயுதம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. பொதுமக்களுக்கு விற்றவற்றிலும் அந்த எழுத்துக்கள் உண்டு; அது மாதிரியின் பெயர் மட்டுமே. கோல்ட் நிறுவனத்தின் ‘போலீஸ் பாசிட்டிவ்’ என்னும் பெயரும் அத்தகையதே. படையின் பண்டசாலையில் தனியே குத்திய முத்திரையும் எண்ணும் வேறு. பெயரளவில் போலீஸ், பணியளவில் போலீஸ். இரண்டையும் பிரித்தறிவதே முதற் பாடம்.

சிலர் பழைய ரிவால்வரை வாங்கி, புதிதாக எழுத்துக்களைக் குத்தி விற்பதும் உண்டு. தேர்ந்த கண்ணை அது ஏமாற்றாது. பஞ்சை வைத்துச் சுத்தியால் அடிக்கும்போது உலோகம் ஒதுங்கி, எழுத்தின் ஓரத்தில் சிறு வரப்பு எழும்பும். பல ஆண்டுகள் கைபட்டுத் தேய்ந்த பிடியில் அந்த வரப்பும் தேய்ந்திருக்க வேண்டும். பிடி தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் விரலை உறுத்தினால், எழுத்து பின்னால் வந்தது என்று தெளியலாம்.

ஓசூரை அடுத்த பேரிகையில் உள்ள இளைஞர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. அவ்வட்டாரத்துத் தொழிற்கூடங்களில் பணிபுரிவோர் வார்ப்பிலும் உதிரிப் பாகத்திலும் எண் குத்துவதை நாள்தோறும் காண்கிறார்கள். ஒரு பாகம் உடைந்தால், எந்த நாளில், எந்த வார்ப்பில் வந்தது என்று அந்த எண்தான் சொல்லும்.

பேரிகை என்பது முரசு வகைக்குரிய பெயர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அந்த எல்லைப்புறம், போர்முரசின் ஒலியையும் கேட்ட பூமியே. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவும் களத்தில் மாண்டார். அவருடைய படைக்கலச் சாலையின் பொருள்கள் வென்றவர்களின் கைகளில் சிதறின. அவற்றை இன்று எவ்வாறு அடையாளம் காண்கிறார்கள்? முத்திரையால்தான். புலிவரி அணி, அரபு எழுத்துக்களைப் புலிமுகமாக வளைத்த சின்னம், செய்த கம்மியரின் பெயர், செய்த நகரம், ஆண்டு ஆகியவை திப்புவின் துப்பாக்கிகளில் காணப்படுகின்றன. 2015 ஏப்ரலில் லண்டனில் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்த திப்புவின் படைக்கலங்கள் முதலியன 60 இலட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயின. 2023 மே மாதத்தில் அவருடைய பள்ளியறை வாள் ஒன்றே ஒரு கோடியே 40 இலட்சம் பவுனுக்கு விலை போயிற்று. தாக்குதலை நடத்திய பேர்டு என்னும் தளபதிக்கு அந்த வாள் பரிசளிக்கப்பட்ட செய்தி அதனோடு சேர்ந்தே வந்தது. எழுத்தும் வரலாறும் இல்லையானால், அதுவும் அழகிய வாள்களுள் ஒன்றாக நின்றிருக்கும்.

மற்றொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். தஞ்சை மராட்டிய அரசு 1855இல் முடிவுற்றபின், அரண்மனைப் படைக்கலச் சாலையை 1860களில் சென்னை அரசாங்கத்தார் கலைத்தனர். ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. ஆனால் பிகானேர் அரசர் அனுப்சிங், 1689இல் ஆதோனிக் கோட்டை விழுந்தபோது கைக்கொண்ட ஆயுதங்களில், வெற்றிச் செய்தியைப் புள்ளி புள்ளியாகக் குத்திவைக்கச் செய்தார். மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அந்த ஆயுதங்கள் தாம் வந்த வழியைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உருக்கப்பட்ட தஞ்சை வாள் எதைச் சொல்லும்?

இரும்பு அழியாமல் இருந்தும் எழுத்து மறைந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. 1928 டிசம்பர் 17ஆம் நாள் லாகூரில் சாண்டர்ஸ் என்னும் போலீஸ் அதிகாரி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பகத்சிங்குக்கு உரியதாகக் குறிக்கப்பட்டது .32 அளவுள்ள கோல்ட் கைத்துப்பாக்கி. வழக்கு முடிந்தபின் அது போலீஸ் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று, பிறகு இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளியை அடைந்தது. துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். காட்சிப் பேழையில் இருந்தும் அது யாருடையது என்று அறிவாரில்லை. 2016ஆம் ஆண்டில் வண்ணத்தை நீக்கியபோது 168896 என்னும் வரிசை எண் தோன்றியது. நீதிமன்ற ஆவணத்தில் இருந்ததும் அதே எண். ஆறே இலக்கங்கள்! அவை தெரியாதவரை அது பழைய கைத்துப்பாக்கி. தெரிந்தபின் ஒரு நாட்டின் நினைவு. பின்னர் அது பஞ்சாபில் உள்ள உசைனிவாலாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இந்தியாவில் இப்பொருளுக்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அடையாளத்தையோ அழிப்பதையும் மாற்றுவதையும் போலியாகப் பொறிப்பதையும் தடுக்கிறது. 100 ஆண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகையால் நம் நாட்டில் போலீஸ் முத்திரை உள்ள ரிவால்வர் ஒன்று தனியாரிடம் தென்பட்டால், விலை என்ன என்பதற்கு முன்னால், அரசின் உடைமை வெளியே வந்த வழி எது என்ற கேள்வியே எழும். பிரிட்டிஷ் அரசாங்கத்தார் இதற்கு நல்லதொரு முறை கண்டிருந்தனர். அரசுடைமைக்கு ஓர் அம்புக்குறி. அதை முறைப்படி விற்றுவிட்டால், நுனியோடு நுனி பொருந்த மற்றோர் அம்புக்குறி. முதற்குறி உடைமையைச் சொல்லும். இரண்டாவது, நேர்மையாகக் கைமாறியதைச் சொல்லும்.

அந்த இரண்டாவது குறியை அடித்த பண்டசாலைக்காரரை நான் மதிக்கிறேன். அவர் பெயரை எவரும் அறியார். ஆனால் அவர் ஒரு நொடியில் அடித்த அடி, பின்னால் வரும் ஒவ்வொரு உடைமையாளரையும் திருட்டுப் பழியிலிருந்து காக்கிறது.

மாணவர்களே! நீங்கள் துப்பாக்கி சேகரிக்க வேண்டியதில்லை. அதைத் தொடவேண்டிய தேவையும் பெரும்பாலோருக்கு வாராது. ஆனால் எழுத்துள்ள பழம்பொருள்கள் உங்கள் ஊரில் பல உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நாடு. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வாளேந்திய வீரன் நிற்கிறான். சில கற்களில் அவன் பெயரும், எதற்காக மாண்டான் என்பதும் எழுதியிருக்கும். அந்த எழுத்தின்மேல் சுண்ணாம்பு பூசாதீர்கள். உளியால் தூய்மை செய்யாதீர்கள். துணிதுவைக்கும் கல்லாக்கவும் விடாதீர்கள். படம் எடுத்து, இருக்கும் இடத்தைக் குறித்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவியுங்கள். விலை, வாங்குவோரின் விருப்பத்தால் இன்று ஏறி நாளை இறங்கும். சான்று ஒருமுறை அழிந்தால், எந்த விலை கொடுத்தும் அதனைத் திரும்ப வாங்க இயலாது.