எண்ணிப் பார்ப்போம்: நம் பிள்ளைகளின் கல்வியும் வேலைவாய்ப்பும்

(மண்ணூர்பேட்டை ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

ஜமாஅத் ஆண்டறிக்கை என்றால் வரவு செலவுக் கணக்கும், தேர்வில் உயர் மதிப்பெண் பெற்ற மாணவ மாணவியரின் பட்டியலும் இடம்பெறுவது எங்கும் வழக்கம். அதே ஆண்டில் படிப்பை நிறுத்திக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பது எப்பட்டியலிலும் வருவதில்லை. அவர்கள் பரிசளிப்பு விழாவுக்கு வருவதில்லை. எனவே எவர் கண்ணிலும் படுவதில்லை. கண்ணில் படாதவர்களைக் காண்பதற்குக் கணக்கெடுப்பு ஒன்றே வழி என்பதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2005 மார்ச்சில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் மத்திய அரசு ஓர் உயர்மட்டக் குழுவை அமைத்தது. பொருளாதார அறிஞர் அபூசாலிஹ் ஷரீஃப் அதன் உறுப்பினர் செயலர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசிய மாதிரி ஆய்வு, வங்கிகள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் புள்ளிவிவரங்களைத் திரட்டி, 2006 நவம்பரில் அக்குழு அறிக்கை அளித்தது. 2001 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 13.4 சதவீதமாக இருந்த முஸ்லிம்கள், இந்திய ஆட்சிப் பணியில் 3 சதவீதமே இருந்தனர். அதுவரை மனக்குறையாகப் பேசப்பட்டது, எண்ணாக மாறியபோது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

அவ்வறிக்கை ஒரு தவறான நம்பிக்கையையும் தகர்த்தது. முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளியை விட்டு மத்ரஸாவுக்கே செல்கின்றனர் என்பது பலரது எண்ணம். எண்ணிப் பார்த்தபோது, பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 3 சதவீதத்தினரே முழுநேர மத்ரஸாவில் பயின்றனர். காலையும் மாலையும் மக்தபில் ஓதிவிட்டுப் பகலில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் மத்ரஸா மாணவர்களாகக் கருதியதே குழப்பத்திற்கு ஒரு காரணம்.

எனினும், அகில இந்திய எண்ணை அப்படியே நம் தெருவுக்குப் பொருத்தலாகாது. 2001-இல் நாடு முழுவதும் முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், பொதுச் சராசரியோ 64.8. தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறானது. இங்கு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதமாகவும், மாநிலச் சராசரி 73.5 ஆகவும் இருந்தன. ஆகவே எழுதப் படிக்கத் தெரியுமா என்பதைவிட, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளை எங்கே செல்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நம் வாசலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் அருகிலேயே இருக்கிறது. அங்கே பயில்வோர் நம்மில் எத்தனை பேர்? வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ. வசதியும் உள்ள வேலையில் இருப்போர் எத்தனை பேர்? 2007 முதல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு வழங்கிவரும் 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குரிய சாதிச் சான்றிதழை எத்தனை பிள்ளைகள் பெற்றுள்ளனர்? இவற்றுக்கு ஊகத்தால் விடை கூற இயலாது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவ்வாண்டில் நடக்கவில்லை. நம் மஹல்லாவின் கணக்கை நாமே எடுப்பது அவசியம்.

அதற்குச் சில நெறிகள் உண்டு. முதலாவது, "ஐவர் பொறியியல் முடித்தனர்" என்பது பாதிக் கணக்கே. பத்துப் பேரில் ஐவரா, நூறு பேரில் ஐவரா என்பதே முழுக் கணக்கு. இரண்டாவது, சந்தா செலுத்துவோர் வீடுகளோடு நின்றுவிடலாகாது. வாடகைக்குக் குடிவந்தோர், பள்ளிவாசலுக்கு அதிகம் வராதோர் வீடுகளுக்கும் செல்ல வேண்டும். அவர்களை விட்டுவிட்டால் நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தோன்றும். மூன்றாவது, ஆண், பெண் கணக்கைத் தனித்தனியே எடுத்து, அதே கேள்விகளை ஆண்டுதோறும் கேட்க வேண்டும். நான்காவது, எண் கூறுவதைக் காரணமாக எடுத்துக்கொள்ளலாகாது. தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் மகனின் படிப்பு அதிகம் நிற்பதாகத் தெரிந்தாலும், தந்தை இல்லாததுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லாமல், அவ்வீட்டாரிடம் அமர்ந்து கேட்க வேண்டும். இறுதியாக, வீட்டுத் தகவல் அமானிதம். தொகை மட்டுமே வெளியிடப்பட வேண்டும்; பெயர்கள் வெளிவரலாகாது.

இது நமக்குப் புதிய பழக்கமன்று. ஜகாத்தை எவரும் உத்தேசமாகக் கொடுப்பதில்லை. பொருளை எண்ணி, நாற்பதில் ஒரு பங்கைக் கணக்கிட்டே கொடுக்கிறோம். பொருளுக்குக் காட்டும் அந்தக் கவனத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டுவோம். கேள்வித்தாளுடன் இளைஞர்களும் பெண்களும் வீடுதேடி வரும்போது உள்ளதை உள்ளபடி கூறுங்கள். இவ்வறிக்கையின் அடுத்த இதழில், பரிசு பெற்றோர் பட்டியலுக்கு அருகே படிப்பை இடையில் விட்டோரின் எண்ணிக்கையும் இடம்பெறட்டும். அதற்கடுத்த ஆண்டு அவ்வெண் குறைந்ததா என்பதை இதே கூட்டத்தில் கேட்கும் உரிமை உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு.