ஊராட்சியை டவுனோடு சேர்த்தால் விவசாயிக்கு மிஞ்சுவது என்ன?

(சங்கக் கிளைக் கூட்டத்தில் பேசிய பேச்சு. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் படிக்கவும், படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டவும் அச்சிடப்படுகிறது.)



டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊராட்சிகளுக்கெல்லாம் ஒரே கவலை. நம்ம ஊரையும் சேர்த்துடுவாங்களா என்கிற கவலை. டீக்கடையிலே பேசுறாங்க, ரேஷன் கடை வரிசையிலே பேசுறாங்க. அதில் பாதி உண்மை, பாதி வதந்தி. வதந்தியை வைத்துக்கொண்டு போராட முடியாது. கலெக்டர் முன்னாடி நின்னு ஒரு சங்கதியைத் தப்பாகச் சொல்லிவிட்டால், சரியாகச் சொன்ன ஒன்பதும் எடுபடாமல் போயிடும். அதனால் இன்றைக்குக் கோஷம் குறைவு, கணக்கு அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை, நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி நான்கும் மாநகராட்சி ஆயின. சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்துத்தான் ஆயின. 2025 பிறக்கும்போதே மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் பட்டியல் வந்தது. பல ஊர்களில் ஜனங்கள் மறியல், மனு என்று இறங்கினார்கள்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்ததே, அந்தத் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடத்தவில்லை, தனி அலுவலரைப் போட்டார்கள். ஊருக்காகக் கையெழுத்துப் போட்டு ஆட்சேபணை சொல்ல வேண்டிய தலைவர் நாற்காலியில் ஆள் இல்லை. வீட்டுக்காரன் ஊரில் இல்லாதபோது வேலியைப் பிடுங்கி நட்ட கதைதான். இது முதல் தடவையும் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரைக்கும், மூன்று வருஷத்துக்கு மேலே, தனி அலுவலர் ஆட்சிதான் நடந்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்கணும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்லுது.

இப்போது ஊர் மாறினால் என்ன மாறும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாய்மார்கள் முதலில் கேட்பது நூறு நாள் வேலை. 2005-ஆம் வருஷச் சட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும்தான் வேலையை உறுதி செய்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை எடுத்துவிட்டு, 125 நாள் என்று வேறொரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் நமக்கு நிறையச் சண்டை இருக்கு, அதை வேறு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். பழசோ புதுசோ, இரண்டும் கிராமத்துக்குத்தான். ஊர் நகராட்சி ஆகிவிட்டால் கார்டு இருந்தும் வேலை இல்லை. 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 336 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். நூறு நாளுக்கு 33,600 ரூபாய். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கிற வீட்டில் இது பிள்ளைகளின் படிப்புச் செலவு, மருந்துச் செலவு. டவுனிலும் வேலைத் திட்டம் இருக்கே என்று சிலர் சொல்லலாம். 2022-இல் சில பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் முன்னோட்டமாக ஒன்று ஆரம்பித்தார்கள். அது அரசு கொடுத்தால் உண்டு. சட்டத்தைக் காட்டி உரிமையாகக் கேட்க முடியாது.

அடுத்தது ரொம்ப முக்கியம், இதை யாரும் பேசுவதில்லை. நிலம் எடுக்கிற விஷயம்.

பைபாஸ் ரோடு வரும், பஸ் ஸ்டாண்டு வரும், சிப்காட் வரும். டவுனை ஒட்டிய நிலத்தைத்தான் முதலில் அளப்பார்கள். 2013-ஆம் வருஷ நில எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இழப்பீட்டுக் கணக்கு இருக்கிறது. நிலத்தின் சந்தை மதிப்பை ஒரு எண்ணால் பெருக்கணும். ஊரகப் பகுதி என்றால், டவுனிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து அந்த எண் 1 முதல் 2 வரை இருக்கலாம். நகரப் பகுதி என்றால் வெறும் 1. பெருக்கி வந்த தொகைக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகை, அதாவது நூற்றுக்கு நூறு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறேன், கையில் காகிதம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஏக்கர் சந்தை மதிப்பு 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கிராமமாக இருந்து, பெருக்கல் எண் ஒன்றேகால் என்றால் 25 லட்சம். அதோடு ஆறுதல் தொகை 25, மொத்தம் 50 லட்சம். எண் இரண்டு என்றால் மொத்தம் 80 லட்சம். அதே வயல், அதே கிணறு, நகராட்சிக்குள் போய்விட்டால் 20-உம் 20-உம் 40 லட்சம். குறைந்தபட்சக் கணக்கிலேயே ஏக்கருக்குப் பத்து லட்சம் போச்சு. ஒரு அரசாணையில் ஊரின் பெயர் மாறியது தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"நகராட்சி ஆனால் மதிப்பு ஏறிடுமே" என்பார்கள். ஏறலாம். ஆனால் சந்தை மதிப்பை எதை வைத்து முடிவு செய்யறாங்க? ஒன்று, பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. இன்னொன்று, அக்கம்பக்கத்தில் முந்தின மூன்று வருஷம் பதிவான கிரயப் பத்திரங்களின் சராசரி. அந்தப் பத்திரமெல்லாம் கிராமமாக இருந்த காலத்து விலை. விலை ஏறுவதற்கு வருஷங்கள் ஆகும், பெருக்கல் எண் ஒரே நாளில் இறங்கிடும். நடுவில் நிலம் எடுத்தால் இரண்டு பக்கமும் அடி நமக்குத்தான்.

சொந்தமாக விற்றாலும் ஒரு சிக்கல் உண்டு. கிராமத்து விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வருமான வரி கிடையாது. பத்தாயிரமோ அதற்கு மேலோ ஜனத்தொகை உள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் வரி உண்டு. அதோடு விடவில்லை. ஜனத்தொகை ஒரு லட்சம் வரை என்றால் டவுன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை என்றால் 6, அதற்கு மேலே என்றால் 8 கிலோமீட்டர் வரைக்கும் வரி பாயும். நம்ம ஊரை டவுனுக்குள் இழுத்தால் எல்லை நகருது, அந்தக் கிலோமீட்டரும் நம்ம ஊர் எல்லையிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அப்போ பட்டியலிலேயே இல்லாத அடுத்த ஊர்க்காரருக்கும் பாதிப்பு. அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடணும்னு நான் சொல்வது இதனால்தான். விற்ற பணத்தில் இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்கு கேட்கலாம். மகள் கல்யாணத்துக்கு விற்கிறவர் எங்கே போய் நிலம் வாங்குவார்?

வீட்டு வரி உங்களுக்கே தெரியும். 2022 ஏப்ரலில் நகராட்சி, பேரூராட்சிகளில் வீட்டின் அளவைப் பார்த்து 25 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். டவுனில் இருக்கிற உறவுக்காரரைக் கேளுங்கள், ரசீதை எடுத்துக் காட்டுவார்கள். வாசலில் எருக்குழி, தெருவில் கறவை மாடு இதெல்லாம் கிராமத்தில் பிழைப்பு, டவுனில் சுகாதாரக் கேடு. மாட்டைப் பிடித்து அடைத்து அபராதம் போடுகிற ஊர்கள் எத்தனை என்று பேப்பரில் பார்க்கிறோம்.

கடைசியாக நம்ம குரல். ஊராட்சித் தலைவரை நாம்தான் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்றைக்கு நமக்கென்று ஒரு தலைவரும் தெருவுக்கு ஒரு வார்டு உறுப்பினரும் வைத்துக்கொள்ளலாம், சேர்ந்த பிறகு ஊர் முழுக்க ஒரு வார்டோ இரண்டு வார்டோ. வாய்க்கால் தூர்வாரணும் என்று ஒரு கவுன்சிலர் எழுந்து பேசினால், பாதாளச் சாக்கடை பேச வந்த இருபது பேர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா?

இனி வதந்தி. பம்புசெட்டு இலவசக் கரண்டு போயிடும்னு ஒரு பேச்சு ஓடுது. அது சரியில்லை. அந்தச் சலுகை விவசாய இணைப்புக்கு, ஊராட்சியா நகராட்சியா என்று அதில் பார்ப்பதில்லை. ரேஷன் கார்டு செல்லாது என்பதும் பொய். பட்டா ரத்தாகும் என்பதும் பொய். பின்னால் நகர நில அளவை வந்து சர்வே எண்தான் மாறும், அப்போது பெயரும் அளவும் சரியாக ஏறியிருக்கா என்று பார்த்துக்கொள்ளணும். இந்த மூன்றையும் மனுவில் எழுதாதீர்கள்.

சேர்க்கணும்னு நினைக்கிறவர்களும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், தார் ரோடு வரும் என்கிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், அந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் நல்ல ரோடும் விளக்கும் ஊராட்சிக்கே தர வேண்டியது. அதற்கு ஊரின் பெயரை விலையாகக் கேட்பது நியாயமில்லை. மனை விலை ஏறும் என்று சந்தோஷப்படுகிறவர்கள் மனை வைத்திருப்பவர்கள். வயல் வைத்திருப்பவர்கள் என் கணக்கை இன்னொரு தடவை படியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31 அன்றைக்கு இருந்த எல்லையை அப்படியே நிறுத்திவைத்து எண்ணுவது என்று மத்திய அரசு முடிவு செய்தது. கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லை மாற்றுகிற வேலை திரும்ப வரும். அப்போது கையில் காகிதம் இருக்கணும்.

அரசியல் சட்டத்தின் 243-கியூ பிரிவு, ஒரு இடத்தை நகரம் என்று அறிவிக்கும்போது எதையெல்லாம் பார்க்கணும் என்று சொல்லுது. ஜனத்தொகை, ஜன நெருக்கம், உள்ளூர் வருமானம், விவசாயம் அல்லாத வேலையில் எத்தனை சதவீதம் பேர், பொருளாதார முக்கியத்துவம். நம்ம ஆயுதம் அந்த நான்காவது. 2027 பிப்ரவரியில் ஆட்கணக்கெடுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு ஆளின் தொழிலையும் கேட்பார்கள். நம்ம ஜனங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. "என்ன தொழில்?" என்றால் "சும்மாத்தான் இருக்கேன்" என்பார் பெரியவர், காலையில் இரண்டு மடை தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர். நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்த அம்மா "வீட்டுல இருக்கேன்" என்பார். பையன் ஒருத்தன் கம்பெனிக்குப் போனால் குடும்பமே கம்பெனி என்று எழுத வைத்துவிடுகிறோம். பொய் சொல்லச் சொல்லவில்லை. செய்கிற வேலையை முழுசாகச் சொல்லுங்கள். சொந்த நிலத்தில் பாடுபட்டால் விவசாயம், அடுத்தவர் நிலத்தில் என்றால் விவசாயக் கூலி. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம் இல்லாமல் போட்ட தீர்மானம் செல்லாது. ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேலே 300 பேர் வரணும். வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமல் கிளம்பக் கூடாது. தீர்மானம் ஒன்றே இணைப்பைத் தடுத்துவிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அறிவிக்கை வந்தால் அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் வீட்டுக்கு ஒரு ஆட்சேபணை தனித்தனியாகப் போகணும், பதிவுத் தபாலில், ரசீதோடு. தீர்மானமும் ரசீதும் சேர்ந்தால் கோர்ட்டில் காட்டலாம்.

நம்ம ஊராட்சி பேரில் இணைப்புக்குச் சம்மதம் என்று தனி அலுவலர் யாராவது தீர்மானம் எழுதினாரா? அதைத் தெரிந்துகொள்ள 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அந்த மனுவைப் படித்த பிள்ளைகள் இருவர் எழுதி வைத்திருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போடுங்கள்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். காலை எட்டரைக்கு ஊராட்சி ஆபீஸ் முன்னால் கூடுகிறோம். பட்டா நகல், வேலை அட்டை நகல், வீட்டு வரி ரசீது நகல் மூன்றையும் எடுத்து வாங்க. தாய்மார்கள் முன்னால் நிற்கணும். பஸ் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், சோறு கட்டிக்கிட்டு வந்துடுங்க.