நஞ்சைத் தடுப்பதும் கல்விப் பணியே
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் சிறுகச் சிறுக நன்கொடை திரட்டி, நம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் வழங்கி வருகிறது. அந்நிதியில் ஒரு சிறு பகுதியைக் கொடிய பூச்சிக்கொல்லிகளைக் குறைப்பதற்கான பிரசாரத்திற்கு ஒதுக்கலாமா என்ற வினா எழுந்தபோது, "படிப்புப் பணத்தில் கை வைப்பதா?" என்று அன்பர்கள் சிலர் வருந்தினர். அவர்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் ஊர்களில் அதனை நஞ்சென்று எவரும் சொல்வதில்லை. 'மருந்து' என்றே சொல்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் மகனுக்குக் கையுறை வழங்கச் சட்டம் உண்டு. கேட்க அதிகாரி உண்டு. அவனுடைய தந்தையோ வெறுங்காலுடன், முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, பிறர் நிலத்தில் மருந்தடிக்கிறார். மிஞ்சிய புட்டி வீட்டுக்கு வருகிறது. மனம் உடைந்த ஒரு வேளையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தமையால் அணைந்த விளக்குகள் பல. தந்தையை இழந்து வேலைக்குப் போன பிள்ளையின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீக்கும்போது நம் கை நடுங்கியதுண்டு. நோட்டுப் புத்தகம் இருந்தது. எழுதப் பிள்ளை இல்லை.

இதற்குத் தீர்வு உண்டா? உண்டு என்கிறது இலங்கை. அங்கு 1995ஆம் ஆண்டு மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளும், 1998ஆம் ஆண்டு எண்டோசல்பானும், பின்னர் வேறு சிலவும் தடை செய்யப்பட்டன. 2015 வரையிலான இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டனர். அத்தடைகளால் விளைச்சல் குன்றவில்லை. 2021இல் அந்நாடு இரசாயன உரம் உட்பட அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்தி இடர்ப்பட்டது வேறு கதை. கொடியவற்றை மட்டும் தேர்ந்து விலக்குவதே நாம் வேண்டுவது.

எந்த நஞ்சு எத்தனை உயிரைக் கொள்கிறது என்று கணக்கெடுத்து அரசுகளிடம் எடுத்துரைக்கப் பொருள் வேண்டுமன்றோ? எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லித் தற்கொலைத் தடுப்பு மையம் இந்தியாவிலும் நேபாளத்திலும் அப்பணியைச் செய்ய, 2017இல் அமெரிக்க அறக்கொடையாளர்கள் சுமார் 13 லட்சம் டாலர் வழங்கினர். நம் நாட்டிலும், சென்னையின் சிநேகா தொண்டு நிறுவனத்தார் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூச்சி மருந்தை வீட்டில் வையாமல் பூட்டிய பொது அறையில் வைக்கும் முறையைச் சோதித்தனர்; உழவர்கள் அதனை ஏற்றனர்.

2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழக அரசு, தற்கொலைகளைத் தடுக்கும் பொருட்டு, மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. ஏன் 60 நாள்? 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்துக்கு அளித்த அதிகாரம் அவ்வளவே. நிலையான தடை மத்திய அரசின் கையில் உள்ளது. ஆகவேதான் பிரசாரம் ஓயாமல் நடைபெற வேண்டியுள்ளது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்தபோது தொழிலாளிக்குத் தேடித் தந்தது பிச்சையன்று, சட்டம். இறந்தவர் வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்புவதும் அறமே. இறப்பைத் தடுக்கும் சட்டத்துக்காகக் கொடுக்கும் ரூபாயோ, நாம் முகமறியாத குடும்பங்களையும் காக்கும்.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகிறோம். புட்டியில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். சிவப்பு மிகக் கொடியது. எந்தப் புட்டியும் வீட்டுக்குள் வராமல் ஊருக்கொரு பூட்டிய பெட்டி அமைக்க முன்வாருங்கள். மனம் சோர்ந்தவரைத் தனியே விடாது 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேச வையுங்கள். பெட்டிக்கும் துண்டறிக்கைக்கும் மனுக்களுக்கும் ஆகும் செலவைச் சங்கம் ஏற்கட்டும்.

உங்களுக்கு எழுத்தறிவித்த பயன் அந்தப் புட்டியைப் படிப்பதிலும் விளங்கட்டும்.