அந்நியனுக்குப் போலீஸ் உடுப்புத் தரலாமா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் வாசகம்)



அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2023 ஜூலையில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. சட்டப்படி குடியேறி, வேலை செய்ய அனுமதி பெற்றவர்கள் அமெரிக்கப் பிரஜைகளாக இல்லாவிட்டாலும் போலீஸ் உத்தியோகத்தில் சேரலாம் என்பதே அதன் சாரம். 2024 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. கலிபோர்னியா மாநிலம் 2022லேயே இத்தகைய சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. உடனே கூக்குரல் கிளம்பியது. அந்நியன் சொந்த நாட்டுப் பிரஜையைக் கைது செய்வதா என்று பிற்போக்காளர்கள் கொதித்தெழுந்தார்கள்.

இதில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை என்ன? இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சம உரிமை பற்றிய கேள்வி. மற்றொன்று, போலீஸ் யாருடைய கருவி என்ற கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் வழி தவறுவார்கள்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1973ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இரண்டு தீர்ப்புகள் அளித்தது. பிரஜையல்லாதவர் வக்கீலாகலாம்; நியூயார்க் மாநில சர்க்கார் வேலைகளிலிருந்து அவர்களை ஒட்டுமொத்தமாக விலக்கி வைப்பது செல்லாது. நல்லது. ஆனால் 1978ல் போலீஸ் விஷயம் வந்ததும் கோர்ட் பின்வாங்கிவிட்டது. நியூயார்க் மாநிலப் போலீசில் சேர பிரஜா உரிமை வேண்டும் என்ற சட்டம் செல்லும் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். மூவர் மறுத்தார்கள். போலீசின் அதிகாரம் ஆட்சி அதிகாரத்தின் ஒரு பகுதி; ஆளும் உரிமை பிரஜைகளுக்கே உரியது என்பது பெரும்பான்மையின் வாதம். போலீஸ்காரன் கொள்கை வகுப்பவனல்ல, வகுத்ததை நிறைவேற்றுகிறவன் என்று நீதிபதி மார்ஷல் மறுப்புரை எழுதினார்.

பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு அமெரிக்கப் பட்டாளமே சாட்சி! நிரந்தர வாசிகளாக இருக்கும் அந்நியர்கள் அங்கே சிப்பாய்களாகச் சேரலாம். வியத்நாம் யுத்தத்தில் அவர்களைக் கட்டாயமாகவே ஆள் சேர்த்தார்கள். இன்றும் 18 முதல் 25 வயது வரையுள்ள குடியேறிய ஆண்கள் கட்டாயப் பட்டாள சேவைக்குப் பெயர் பதிவு செய்தாக வேண்டும். உயிரைக் கொடுக்கத் தகுதி உண்டு. ஊரில் காவல் காக்கத் தகுதி இல்லையாம்! வரி கட்டலாம், அபராதம் கட்டலாம், சிறை செல்லலாம். உத்தியோகம் மட்டும் கூடாதாம்!

பிரஜா உரிமையைப் பூட்டாக்கினால் பாட்டாளி மக்கள் என்ன ஆவார்கள் என்பதை நாம் இலங்கையில் கண்டோம். 1948ம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அந்த அநீதிக்கு முடிவுகட்ட 2003ம் ஆண்டில் கூட இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஆகவே சட்டப்படி வாழும் உழைப்பாளிக்கு எந்த வேலைக் கதவையும் பிறப்பைக் காட்டி அடைக்கக் கூடாது. இதில் நமக்குச் சந்தேகமில்லை. பிரிட்டனில் 2002ம் ஆண்டுச் சட்டமே பிற நாட்டவர்களுக்குப் போலீஸ் வேலையைத் திறந்துவிட்டது. அதனால் அந்த நாடு கவிழ்ந்துவிடவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. அந்நியனைச் சேர்த்தால் போலீஸ் மக்களின் போலீசாகிவிடுமா? ஒருபோதும் ஆகாது!

1925 மே 30ம் தேதியை நினைவுகூருங்கள். ஷாங்காய் நகரில் ஜப்பானியர் ஆலையில் ஒரு சீனத் தொழிலாளி கொல்லப்பட்டதை எதிர்த்து மாணவர்களும் தொழிலாளர்களும் திரண்டார்கள். அவர்கள் மீது போலீஸ் சுட்டது. துப்பாக்கி ஏந்தியவர்கள் யார்? பஞ்சாபிலிருந்து கொண்டுபோன சீக்கியர்களும், அந்த மண்ணிலேயே பிறந்த சீனர்களும்! உத்தரவிட்டவர் பிரிட்டிஷ் அதிகாரி. சுட்ட கை எந்த நாட்டுக் கை என்பதல்ல பிரச்னை. உத்தரவு எந்த வர்க்கத்தின் உத்தரவு என்பதே பிரச்னை.

போஸ்டன் நகரத்தையும் பாருங்கள். 1919 செப்டம்பரில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் வம்சத்தினர். சங்கம் சேர்ந்ததே அவர்கள் செய்த குற்றம். கவர்னர் கூலிட்ஜ் பட்டாளத்தை இறக்கினார். வேலைநிறுத்தக்காரர்களை ஒருவர் விடாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடுப்புப் போட்டவனும் கூலிக்காரனே என்ற உண்மையை முதலாளிகள் நன்கு அறிவார்கள். அதனால்தான் அவன் சங்கம் சேருவதற்கு அஞ்சுகிறார்கள்.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். புதிய சட்டங்களை ஆதரித்தவர்கள் சமத்துவத்தை மட்டும் பேசவில்லை. போலீசுக்கு ஆள் பற்றாக்குறை என்றும் பேசினார்கள். குடியேறியவனின் வேலை அனுமதிச் சீட்டு சர்க்காரின் கையில் இருக்கிறது. சங்கம் கேட்டால், அநியாயமான உத்தரவை மறுத்தால், அந்தச் சீட்டு என்னவாகும்? 2025ல் மெய்ன் மாநிலத்தில் போலீஸ் பணியிலிருந்த ஒரு குடியேறியையே குடியேற்ற இலாகா கைது செய்தது. வேலைக்கு எடுக்கும்போது சர்க்காரின் பதிவேட்டிலேயே அவருடைய தகுதியைச் சரிபார்த்துத்தான் எடுத்தோம் என்று ஊர்ப் போலீஸ் தலைமை கூறியது. காலையில் காவலன், மாலையில் கைதி! இத்தகைய பயத்தில் வாழ்பவன் மக்கள் பக்கம் எப்படி நிற்பான்?

ஆகவே, தோழர்களே, உத்தியோகத்தை மட்டும் கொடுத்துவிட்டு உரிமையை மறுப்பது அரைக்கிணறு தாண்டுவதாகும். நமது கோரிக்கைகள் தெளிவானவை.

சட்டப்படி குடியேறியவர்களுக்குப் போலீஸ் உட்பட எல்லா வேலைகளிலும் சம வாய்ப்பு வேண்டும்.

பல்லாண்டு உழைத்தவர்களுக்குத் தாமதமின்றிப் பிரஜா உரிமை வேண்டும்; வேலை போனால் வசிக்கும் உரிமையும் போகும் என்ற மிரட்டல் ஒழிய வேண்டும்.

போலீஸ்காரர்களுக்குச் சங்க உரிமை வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த சபைகளுக்குப் போலீஸ் பதில் சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்தை உடைக்கவும், குடியேறியவர்களை வேட்டையாடவும் அதை ஏவக் கூடாது.

பிறந்த ஊரைக் காட்டி உழைப்பாளிகளைப் பிரிப்பது முதலாளிகளின் பழைய தந்திரம். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் குறைத்தவன் குடியேறியவன் அல்ல. இருவரையும் மோதவிட்டு லாபம் பார்ப்பவனே குறைத்தவன். இதை ஒவ்வொரு ஆலை வாசலிலும் எடுத்துச் சொல்வோம்!