வேண்டாத எண்ணை விலக்குக

(வெள்ளிவிழாப் பேரவையில் நிகழ்த்திய உரை)

    

விழா மேடையில் கணக்கைப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். கணக்கறியாமையால் நம் முன்னோர் இழந்தது சிறிதன்று. ஆதலின் இன்று அதனையே பேச முற்பட்டோம்.

இளைஞர்களே, ஒரு கணக்கு. நீங்கள் ஒரு பேருந்தை ஓட்டுகிறீர்கள். செஞ்சியில் 32 பேர் ஏறுகின்றனர். வழியில் ஓரூரில் 7 பேர் இறங்க, 11 பேர் ஏறுகின்றனர். அடுத்த ஊரில் 4 பேர் இறங்குகின்றனர். திண்டிவனம் சேரும்போது மணி பத்து. ஓட்டுநரின் வயது என்ன? கேட்டவர் பெரும்பாலும் கூட்டலிலும் கழித்தலிலும் மூழ்கிவிடுவர். முதல் வாக்கியத்தை மறவாதவரோ தம் வயதைச் சொல்லி அமர்வார். ஓட்டுபவர் அவர்தாமே!

இதற்கு நேர்மாறான கணக்கொன்றும் உண்டு. பிரான்சு நாட்டின் கிரனோபில் நகரக் கணிதக் கல்வி நிறுவனம் 1980 இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளிச் சிறுவர் 97 பேரிடம் ஒரு வினா தரப்பட்டது. கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன? இதற்கு விடையே இல்லை. ஆயினும் 76 பேர் தந்த எண்களை வைத்தே ஒரு விடையை உண்டாக்கினர். அவர்கள் மூடர் அல்லர். ஆசிரியர் எண்ணைத் தந்தால் எதையாவது செய்தே தீரவேண்டும் எனப் பழகியவர்கள். "இதற்கு விடையில்லை" என்று எழுந்து சொல்லும் துணிவு அவர்கட்குப் பயிற்றப்படவில்லை.

நம் தமிழ்க் கணக்கர்கள் வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் முறையை அறிந்திருந்தனர். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை மதிப்பிட ஒரு வழி கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். எல்லாப் பழத்துக்கும் அது பொருந்துமா என்பது வேறு செய்தி. பழமெங்கும் முள்ளிருந்தும், எண்ணவேண்டிய முள் எது என்று அவர் வரையறுத்ததே நாம் கொள்ளத்தக்கது. நம் தளவானூர்க் குன்றில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரமும் வேண்டாத கல்லை நீக்கியதால் உருவான கோயிலே அன்றோ?

ஆனால், திண்ணைப் பள்ளிகளில் இத்தகைய கணக்குகள் ஓதப்பட்ட காலத்தில் அத்திண்ணைகள் நம் பிள்ளைகளுக்கு மூடப்பட்டிருந்தன. 1894 இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கியது பெருஞ்செய்தி ஆயிற்று என்றால், அதற்கு முந்தைய நிலையை நீங்களே உய்த்துணரலாம். கணக்கேடு ஒருவர் கையில். கைநாட்டு மற்றொருவர் கையில். பாட்டன் வாங்கிய முன்பணத்துக்குப் பேரன் உழைத்தான். 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே அக்கடன்களைச் செல்லாதவை ஆக்கியது.

சட்டம் வந்தது, ஏமாற்றுக் கணக்கு ஒழிந்ததா? மூவர் சேர்ந்து விடுதியறைக்குத் தலைக்கு 100 ரூபாயாக 300 தந்தனர். உரிமையாளர் 50 ரூபாயைத் திருப்பியனுப்பினார். பணியாள் 20 ரூபாயை வைத்துக்கொண்டு ஆளுக்குப் பத்துக் கொடுத்தான். ஒவ்வொருவரும் தந்தது 90; மொத்தம் 270. பணியாளிடம் 20. ஆக 290. மீதிப் பத்து எங்கே? எங்கும் போகவில்லை. அந்த 270 இல் உரிமையாளரின் 250 உம் பணியாளின் 20 உம் அடக்கம். அடங்கியதை மீண்டும் கூட்டச் சொன்னதே சூழ்ச்சி. கழிக்கவேண்டிய இடத்தில் கூட்டச் சொல்லும் குரலை அடையாளம் காணுங்கள்.

இனி நம் வீட்டு வாயிலுக்கு வரும் தண்டல் கணக்கைப் பாருங்கள். கடன் 10,000 ரூபாய். பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். "நூறு ரூபாய்தானே, அம்மா! பதினைந்து விழுக்காடுதானே!" என்பார் கொடுப்பவர். அட்டை, பழக்கம், இனிய சொல் யாவும் பேருந்தில் ஏறி இறங்கிய பயணிகளைப் போன்றவை. கேட்கவேண்டியவை மூன்றே. கையில் வந்தது எவ்வளவு? திரும்பப் போவது எவ்வளவு? பணம் நம்மிடம் இருப்பது எத்தனை நாள்? நாள்தோறும் திருப்பிக் கட்டுவதால், சராசரியாக ஐம்பது நாளே அப்பணம் நம்மிடம் உள்ளது. 8,500 ரூபாய்க்கு ஐம்பது நாளில் வட்டி 1,500. ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபதுக்கும் மேல்! பதினைந்து என்றது எங்கே, இது எங்கே?

அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் பொருளியல் ஆய்வுக்கு எடுத்த பொருள் ரூபாயின் சிக்கலே. அந்நூல் 1923 இல் வெளிவந்தது. சமூக விடுதலைக்குப் போராடியவர் நாணயக் கணக்கையும் நுணுகி ஆராய்ந்தார் என்பதை இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்தவேண்டும்.

அரசுத் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களுள் 25 திறனறிவுக்குரியவை. அவற்றுள்ளும் சொற்குவியலுக்குள் எளிய விடை மறைந்திருப்பதுண்டு. ஆகவே வினாவின் கடைசி வரியை முதலில் படியுங்கள். கேட்கப்பட்டதை உங்கள் சொல்லில் எழுதுங்கள். அதற்குத் தொடர்பற்ற எண்ணை அடித்துவிடுங்கள். விடை காணப் போதிய செய்தி இல்லையெனில் அஞ்சாது அதைச் சொல்லுங்கள்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் நம் மன்றத்தில் இளைஞர் கூடி, ஊரார் கொண்டுவரும் கடன் அட்டை, கூலிச் சீட்டு, பத்திரம் ஆகியவற்றை உரக்கப் படித்துக் கணக்கிட்டுக் காட்டவேண்டும். கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தது இருபத்தைந்து ஆண்டுப் பணி. கையொப்பத்துக்கு முன் கேள்வி கேட்கக் கற்பிப்பது இனிவரும் ஆண்டுகளின் பணி ஆகுக.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!